எல்லோருக்கும் திறந்து கிடக்கும் ஃபோல்டர்

மேட்டூரில் ரத்தப் பரிசோதனை நிலையம், ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி விண்ணப்பம் போட்டுத் தரும் ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் ஆதார் நகலும் பாஸ்புக்கின் முதல் பக்கமும் ஸ்கேன் ஆகி ஏதோ ஒரு கணினியில் சேர்கின்றன. அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன, அதை யார் யார் திறக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. தரவு கசிந்தது என்றாலே வெளிநாட்டு ஹேக்கர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் பெரிய கசிவுகள் பலவற்றில் பூட்டு உடைக்கப்படவில்லை. பூட்டே போடப்படவில்லை. 2017-ல் நான்கு அரசு இணையதளங்களில் ஏறக்குறைய 13 கோடி ஆதார் எண்கள் யாரும் பார்க்கும்படி இருந்ததை பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையம் எடுத்துக்காட்டியது. 2020-ல் பணம் செலுத்தும் பீம் செயலியில் வணிகர்களைச் சேர்க்கப் பயன்பட்ட ஓர் இணையதளத்தின் கிளவுட் சேமிப்பகம், பர்மிஷன் (அனுமதி) கட்டுப்பாடே இல்லாமல் இருந்ததாக விபிஎன்மென்டார் என்ற தளத்தின் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதில் ஆதார் படங்களும் சாதிச் சான்றிதழ்களுமாக 409 ஜிபி இருந்தது. செயலிக்குள் யாரும் ஊடுருவவில்லை என்று பீமை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றாலும், செயலி பத்திரமாக இருந்தபோதே அதில் சேர வந்தவர்களின் ஆவணங்கள் வெளியே கிடந்தன என்பது மாறாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. நடைமுறையில் அந்த உரிமை நிற்பதும் விழுவதும் சர்வரில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்டின் ஓரிரு வரிகளில்தான். லினக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று தரப்பு உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. மூன்றையும் கூட்டினால் 7. ஒவ்வொரு தரப்புக்கும் இப்படி ஓர் இலக்கம். ஃபோல்டருக்கு 777 என்று வைத்தால், அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும், அதில் ஓடும் எந்த நிரலும் அதற்குள் புகலாம், புதுக் கோப்பை வைக்கலாம், இருப்பதை அழிக்கலாம். 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, குழு பார்க்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கையால் செய்யும் தவறு ஒரு ஃபோல்டரோடு நின்றுவிடும். அதே தவறு ஸ்கிரிப்ட்டில் ஏறிவிட்டால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அதை ஒவ்வோர் இரவும் ஓட்டி, அன்றைய தேதியில் ஒரு புது ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும். எழுதியவர் வேலை மாறிப் போன பிறகும் அது நிற்காது.

கவனமாக எழுதுபவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றடுக்கு ஃபோல்டரை, ஃபோல்டர் உருவாக்கும் எம்கேடிர் கட்டளையால் ஒரே வரியில் உருவாக்கி, அதிலேயே 700 என்று குறிப்பிட்டால், அந்த எண் கடைசி அடுக்குக்கு மட்டும்தான் பொருந்தும். மேலே உள்ள இரண்டும், புதிதாக உருவாகும் ஃபோல்டரில் எந்த அனுமதிகளை விலக்குவது என்று தீர்மானிக்கும் யூமாஸ்க் சொல்வதைக் கேட்கும். பல லினக்ஸ் கணினிகளில் யூமாஸ்க் 022 என்று இருக்கும். அப்படியானால் அவை மற்றவர்களும் பார்க்கக்கூடிய 755 ஆகப் பிறக்கும். முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைக் கொடுத்துப் பூட்டலாம் என்றாலும், இடையில் உள்ள சிறு நேரம் திறந்தே கிடக்கும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே யூமாஸ்க் 077 என்று எழுதிவிட்டால், அது உருவாக்கும் ஃபோல்டர்கள் மூடியபடியே பிறக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு கூடப் பயனர்களின் ஹோம் ஃபோல்டரைப் பல ஆண்டுகள் 755 ஆகவே விட்டிருந்தது. 2021-ல் வந்த 21.04 பதிப்பில்தான் அதை 750 ஆக்கியது.

777 போடாவிட்டால் வேலை ஓடுவதில்லை என்பது தொழில்நுட்பர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. ஒரு வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகையும் திறந்துவிடுவதற்கு இது சமம். வேலை ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபோல்டரின் உரிமையாளரோ குழுவோ தவறாக இருப்பதுதான். தேவைப்படும் ஊழியர்களை ஒரு குழுவில் சேர்த்து, ஃபோல்டருக்கு 2770 கொடுத்தால், முன்னால் உள்ள 2-ஆல் உள்ளே உருவாகும் கோப்புகளும் அதே குழுவுக்குப் போகும். நம் கணினி உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. ஒரே ஓர் ஊழியரின் கணக்கில் தீய நிரல் புகுந்தால் போதும், அந்தக் கணக்கு தொடக்கூடியதை எல்லாம் அதுவும் தொடும். பர்மிஷன் மட்டும் போதாது என்பவர்கள் சொல்வது நியாயம். வெப் சர்வர் பரிமாறும் ஃபோல்டருக்குள் ஆவணங்களை வைத்தால் 750-ம் காப்பாற்றாது, அவை அங்கே இருக்கவே கூடாது. விண்டோஸ் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. ‘எவ்ரிஒன்’ என்பதற்கு முழு அனுமதி கொடுத்துப் பகிர்ந்த ஃபோல்டர் இதே நோய்தான்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43ஏ பிரிவு, வங்கி விவரம், மருத்துவ விவரம் போன்றவற்றை அலட்சியமாக வைத்திருந்து ஒருவருக்கு நட்டம் உண்டாக்கும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. தனிநபர் நடத்தும் கடையும் இதில் அடங்கும், அரசு அலுவலகம் அடங்காது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக விசாரிக்கலாம். இது ஏட்டில் மட்டும் இருக்கும் வழி அல்ல. மின்னஞ்சல் மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தருமாறு 2010-ல் தமிழ்நாட்டின் அந்த அதிகாரி இதே சட்டத்தின் கீழ் ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இன்னும் கடுமையானது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவர் கைக்கு அல்ல. போதாக்குறைக்கு 43ஏ பிரிவையும் அது நீக்கப்போகிறது. இது பெரும் இழப்பு, நாடாளுமன்றம் திருத்த வேண்டிய ஒன்று.

ஆவணம் கொடுக்கும் இடத்தில், வேலை முடிந்ததும் ஸ்கேனை அழிப்பீர்களா, யார் யார் பார்க்கலாம் என்று கேட்பது நம் உரிமை. முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். இழப்பீடு கேட்க நினைப்பவர்கள் ரசீது, குறுஞ்செய்தி, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்து மனுவை விரைவில் போடுவது நல்லது. ஏனென்றால், புதிய சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. 43ஏ பிரிவு நீங்குவது அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்.