செப்புச் சதமும் வன்னி வரலாறும்

இலங்கையில் ரூபாயை நூறு சதமாகப் பகுக்கும் நாணயமுறை 1872ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன்பொருட்டு அச்சிடப்பெற்ற முதற் செப்புச் சதங்கள் 1870 என்னும் ஆண்டைத் தாங்கியுள்ளன. ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலையுரு. மறுபுறம் பனைக்குடும்ப மரமொன்று. அதன் இருமருங்கும் சிங்களமும் தமிழும். பின்னர் ஏழாம் எட்வேட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் ஆகிய மன்னர்களின் தலையுருவோடும் இச்சதம் வெளிவந்தது.

காசின் நிறையும் வரலாறு கூறும். செப்புச் சதம் ஏறத்தாழ 4.7 கிராம். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த 1942இல் வெண்கலத்தாலான மெல்லிய சதம் தோன்றியது. அதன் நிறை முன்னையதிற் பாதியே. 1942 எனப் பொறித்தவற்றுள் இருவகையும் உள. தராசே அவற்றை வேறு பிரித்துக் காட்டும். 1963இல் சதம் அலுமினியமாயிற்று.

வன்னியில் இக்காசுகளைத் தேடித் தொகுத்தல் வெறும் பொழுதுபோக்கன்று. 2008, 2009ஆம் ஆண்டுப் போரில் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, காணி உறுதிகளையும் படங்களையும் இழந்த குடும்பங்கள் பல. தாள் அழிந்த இடத்திலும் மண்ணிற் கிடந்த செம்பு எஞ்சும். பழைய வளவொன்றிற் கிடைக்கும் சதம், அங்கே ஆள் நடமாட்டம் இருந்தமைக்குச் சிறு சான்றாகும்.

எனினும் சான்றினை அளவறிந்து கொள்ளல் வேண்டும். காசிலுள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டேயன்றி மண்ணில் வீழ்ந்த ஆண்டன்று. வடபகுதிப் புகையிரதப் பாதை வன்னியூடாக நிறைவெய்தியது 1905இல். பாதையோரத்தில் 1904ஆம் ஆண்டுச் சதமொன்று கிடைப்பின், பாதை அமைத்தவர் கைக்காசு அதுவெனத் துணிதல் தகாது. முப்பது ஆண்டின் பின் வந்த குடியேற்றவாசியின் மடியிலிருந்தும் அது வீழ்ந்திருக்கலாம். ஒரே வளவிற் பல காசுகள் கிடைப்பின் முடிபு வலுப்பெறும். ஆதலின் கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த பொருள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் இன்றியமையாதது. இடமறியாத காசு வாய் பேசாத சாட்சி.

களிம்பேறிய காசைப் புளியிட்டுத் துலக்குவது பெருந்தவறு. புளியின் அமிலம் மேற்படலத்தைக் கரைத்து, தேய்ந்த எழுத்தையும் கெடுத்துவிடும். ஈரமகற்றி, தாளுறையிலிட்டு, உலர்ந்த இடத்தில் வைத்தலே போதுமானது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளென வரையறுத்தது. 1870இற் பிறந்த சதம் அவ்வெல்லைக்குப் புறம்பானது, விலையும் அற்பம். அக்கட்டளைச் சட்டமும் சந்தையும் காவாத இப்பொருளைக் காக்கும் கடன் வீட்டையும் பள்ளியையுமே சார்ந்தது. உருக்கிய செம்பு பாத்திரமாகலாம், மீண்டும் சான்றாகாது.