மூச்சியக்கமும் வன்னி மக்களின் நுரையீரல் நலமும்

வன்னிப் பெருநிலத்தின் காற்று மாசற்றது என்பது பலருடைய எண்ணம். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடுகளும், குளங்களும் வயல்களும் நிறைந்து, ஆலைப் புகை அரிதாகவே காணப்படும் இந்நிலத்திலே மூச்சுக்கு என்ன குறை நேரக்கூடும் என வினவுவோர் உளர். இவ்வெண்ணத்தில் உண்மை உண்டு; எனினும் அது முழு உண்மையாகாது. மனிதன் சுவாசிப்பது தொலைவிலுள்ள காட்டின் காற்றையன்று. தன் மூக்கிற்கு அண்மையில் உள்ள காற்றையே. அடுப்படியில் நிற்பவளுக்கு அது விறகுப் புகை. களத்தில் நிற்பவனுக்கு அது நெற்றூசு. கோடையிலே கிரவல் வீதியிற் செல்லும் மாணவனுக்கு அது செம்மண் புழுதி. ஆதலின் காற்று எவ்வாறு உடலுட் புகுகின்றது, அங்கே யாது செய்கின்றது, எவற்றால் அதன் வழி தடைப்படுகின்றது என்பவற்றை அறிதல் இந்நிலத்தில் வாழும் ஒவ்வொருவர்க்கும் இன்றியமையாததாகும்.

காற்று செல்லும் வழி

மூக்கே மூச்சின் வாயில். அதனுள் உள்ள உரோமங்கள் பெருந்தூசியைத் தடுக்கின்றன. அதன் ஈரமான உட்சுவர் காற்றை வெப்பமாக்கி நனைக்கின்றது. வாயினாற் சுவாசிப்போர் இந்நன்மைகளை இழக்கின்றனர். மூக்கைக் கடந்த காற்று தொண்டை வழியாகக் குரல்வளையை அடைந்து, பின்னர் வாதனாளியுட் செல்லும். வாதனாளி சுருங்கி மூடிவிடாதவாறு குதிரை இலாடம் போன்ற கசியிழைய வளையங்கள் அதனைத் தாங்கி நிற்கின்றன. மார்பினுள் அது இரு கிளைகளாகப் பிரிந்து வலது நுரையீரலுக்கும் இடது நுரையீரலுக்கும் செல்லும். வலது நுரையீரல் மூன்று சோணைகளை உடையது. இதயத்துக்கு இடம் விட்டமையால் இடது நுரையீரல் இரண்டு சோணைகளையே உடையது.

தலைகீழாக நிறுத்திய மரம் ஒன்றைப் போல, கிளைகள் மேலும் மேலும் பிரிந்து நுண்ணிய குழாய்களாகி, ஈற்றில் சுவாசச் சிற்றறைகளில் முடிகின்றன. ஒருவருடைய இரு நுரையீரல்களிலும் ஏறக்குறைய 30 கோடி முதல் 50 கோடி வரையான சிற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் பரப்பு உண்டாகும். ஒவ்வொரு சிற்றறையையும் மயிர்த்துளைக் குழாய்கள் வலையெனச் சூழ்ந்துள்ளன. இக்குழாய்களை 1661ஆம் ஆண்டு தவளையின் நுரையீரலிலே நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு கண்டவர் இத்தாலிய அறிஞர் மாற்செல்லோ மல்பீகி ஆவர். காற்றையும் குருதியையும் பிரித்து நிற்கும் சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அதனூடாக ஒட்சிசன் குருதிக்குட் புகுந்து, செங்குருதிச் சிறுதுணிக்கைகளிலுள்ள ஈமோகுளோபினுடன் சேர்கின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது.

உட்செல்லும் காற்றிலே ஒட்சிசன் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு. வெளிவரும் காற்றில் அது ஏறக்குறைய 16 பங்காகக் குறைகின்றது. காபனீரொட்சைட்டோ நூற்றுக்கு 0.04 பங்கிலிருந்து ஏறக்குறைய 4 பங்காகப் பெருகுகின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் குழாய் ஒன்றினால் ஊதும்போது அந்நீர் பாற்போல் வெளுப்பதனைக் கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணவர் எளிதிற் காணலாம். வெளிவிடும் மூச்சிற் காபனீரொட்சைட்டு மிகுந்துள்ளமைக்கு அதுவே சான்று.

மூச்சை இயக்கும் தசைகள்

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிழ்த்த கிண்ணம்போல் அமைந்துள்ள பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகும்போது மார்பறையின் உயரம் கூடுகின்றது. விலாவென்பிடைத் தசைகள் சுருங்கும்போது விலாவென்புகள் மேலும் வெளியேயும் உயர்ந்து மார்பறையின் அகலம் கூடுகின்றது. அறை பெருத்ததும் உள்ளமுக்கம் குறைய, வெளிக்காற்று தானே உட்பாய்கின்றது. தசைகள் தளர்ந்ததும் மீள்தன்மையுள்ள நுரையீரல் சுருங்கிக் காற்று வெளியேறுகின்றது. கொல்லனுடைய துருத்தியும் இவ்விதிப்படியே இயங்குகின்றது.

இவ்வியக்கத்துக்கு ஆணை இடுவது மூளையின் அடிப்பகுதியிலுள்ள நீள்வளைய மையவிழையம். குருதியிற் காபனீரொட்சைட்டு சிறிது மிகுந்தாலும் அது மூச்சை விரைவுபடுத்தும். ஓடிவந்தவன் மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்குவது இதனாலேயே. நித்திரையிலும் மூச்சு நில்லாது நடைபெறுவதற்குக் காரணமும் இம்மையமே.

அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை சுவாசிப்பர்; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்று உட்செல்லும். நிமிடத்துக்கு 15 மூச்சு எனக் கொண்டால் ஒரு நாளில் 10,000 இலீற்றருக்கு மேற்பட்ட காற்று நுரையீரலைக் கடந்து செல்கின்றது. ஒரு நாளில் உண்ணும் உணவையும் அருந்தும் நீரையும் விட உடலுட் புகும் காற்றே பன்மடங்கு மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

ஆழ்ந்த மூச்சின் பயன்

ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் காற்று சிற்றறைகளை அடையாது குழாய்களிலேயே தங்கிப் பயனின்றித் திரும்புகின்றது. இதனைக் கணக்கில் எடுத்தால் ஓர் உண்மை விளங்கும். 500 மில்லிலீற்றர் வீதம் 15 தடவை சுவாசிப்பவனும், 250 மில்லிலீற்றர் வீதம் 30 தடவை சுவாசிப்பவனும் நிமிடத்துக்கு 7,500 மில்லிலீற்றர் காற்றையே உள்ளிழுக்கின்றனர். ஆயினும் முன்னவனுடைய சிற்றறைகளை அடைவது 5,250 மில்லிலீற்றர். பின்னவனுக்கோ 3,000 மில்லிலீற்றர் மட்டுமே. உழைப்பு ஒத்ததாயினும் ஊதியம் ஒத்ததன்று. பூரகம், கும்பகம், இரேசகம் என மூச்சை அளந்து விடும் முறையை நம் முன்னோர் வகுத்துப் பயின்றனர். மெதுவாகவும் ஆழமாகவும் சுவாசித்தல் நன்று என்னும் அளவில் அவர்களுடைய பயிற்சிக்கு இக்கணக்கு துணைநிற்கின்றது. ஆயினும் தொய்வும் காசமும் மூச்சுப் பயிற்சியால் மட்டும் மாறிவிடும் எனக் கருதி மருந்தைக் கைவிடுதல் பேரிடர் விளைக்கும்.

உடலின் காவல்

தூசியையும் கிருமிகளையும் எதிர்க்க நுரையீரல் தனக்கெனக் காவல் வைத்துள்ளது. மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் சீதம் படர்ந்துள்ளது. அதில் ஒட்டிய தூசியை நுண்ணிய பிசிர்கள் ஓயாது மேனோக்கித் தள்ளிக் கொண்டிருக்கின்றன. சிற்றறைகளை எட்டிவிட்டவற்றைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. இருமலும் தும்மலும் இக்காவலின் பகுதிகளே. புகையிலைப் புகை பிசிர்களை முடக்கிவிடும். காலைதோறும் இருமிச் சளி துப்பும் புகைப்பவனுடைய நிலை இதனால் நேர்வதே. சிகரெட்டாயினும் சுருட்டாயினும் பீடியாயினும் விளைவு ஒன்றே. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சிசனின் இடத்தைக் கவர்ந்து ஈமோகுளோபினோடு சேர்வதும் கருதத்தக்கது. பொது இடங்களிற் புகைத்தலை இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. ஆனால் வீட்டுத் திண்ணையிற் புகைக்கும் தந்தையிடமிருந்து குழந்தையைக் காக்கும் சட்டம் அவனுடைய மனமே.

துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு ஆழமாக அது செல்லும். 2.5 மைக்குரோமீற்றரும் அதனிற் குறைந்த விட்டமும் உடைய துகள்கள் மூக்கையும் பிசிரையும் ஏமாற்றிச் சிற்றறைகளை அடைகின்றன. ஒரு கன மீற்றர் காற்றிலே இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்குரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வரையறுத்தது.

வன்னியின் காற்று

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே வங்காள விரிகுடாவில் மண்டோஸ் என்னும் புயல் எழுந்தபோது, இந்தியப் பெருநிலத்தின் மாசு மிகுந்த காற்று இலங்கையின்மீது படர்ந்தது. வடபுலம் பனிமூட்டம் போன்ற புகாரில் மூழ்கிற்று. டிசம்பர் 9ஆந் திகதி நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. ஆலைகள் இல்லாத நிலத்துக்கும் பிறர் மாசு வந்து சேரும் என்பதனை அந்நாள்கள் உணர்த்தின. எனினும் அத்தகைய நாள்கள் சிலவே. நாடோறும் நேரும் தீங்கோ வீட்டினுள்ளே உள்ளது.

பனைமட்டையும் ஊமலும் பொச்சுமட்டையும் காட்டு விறகும் எரியும் அடுப்பிலிருந்து எழும் புகையிலே நுண்துகள்களும் காபனோரொட்சைட்டும் நிறைந்துள்ளன. சாளரமற்ற சிறு குசினியில் அது வெளியேற வழியின்றிச் சுழலும். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000இற்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. புகைபிடித்தல் அறியாத மூதாட்டியர்க்கும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வருவதற்கு இப்புகை ஒரு காரணமாகும். காய்ந்த விறகையே எரித்தல், அடுப்புக்கு மேலே புகைக்கூடு அமைத்தல், எதிரெதிரே சாளரம் வைத்தல், சமைக்கும் வேளையிற் குழந்தையை அடுப்படியிலிருந்து அகற்றி வைத்தல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யக் கூடியவை. வளவிலே பொலித்தீனையும் பிளாத்திக்கையும் குப்பையோடு சேர்த்து எரிக்கும் வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும்.

இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பாவற்குளத்தின் கீழும் காலபோக அறுவடை நடைபெறும் காலத்திற் சூடடிப்போரும் பொலி தூற்றுவோரும் நெற்றூசின் நடுவே நிற்கின்றனர். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறும்போது எழும் நுண்வித்திகள் சிலருக்குத் தீங்கு விளைக்கும். வேலை முடிந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குளிர்காய்ச்சலும் வறட்டிருமலும் மூச்சுத் திணறலும் தோன்றும். இதனைச் சாதாரண காய்ச்சல் என விட்டு, மீண்டும் மீண்டும் அத்தூசிக்கு ஆளாகின்றவருடைய நுரையீரல் தழும்பேறி இறுகும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்றலும், மூக்கையும் வாயையும் இறுகப் பொருந்தும் முகக்கவசம் அணிதலும், வைக்கோலை நன்கு உலர்த்திய பின்னரே குவித்தலும் தக்க காப்பாகும். களைநாசினி, கிருமிநாசினி தெளிப்போர்க்கு இக்காப்பு இன்னும் இன்றியமையாதது. பரக்குவாட்டு என்னும் களைநாசினி உடலுட் சென்றால் நுரையீரலிலே திரண்டு அதனை அழிக்கும். அதனாலேயே இலங்கையில் அது 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாக விலக்கப்பட்டது.

காசநோயும் மறைத்தலும்

1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆந் திகதி காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை றொபேட்டு கொக்கு உலகுக்கு அறிவித்தார். இந்நோய் பரம்பரையால் வருவதன்று, பழிபாவத்தால் வருவதுமன்று. நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகளே இதனைப் பரப்புகின்றன. காற்றோட்டமற்ற சிற்றறையிற் பலர் நெருங்கி வாழுமிடத்து இது எளிதிற் பரவும். 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடாரங்களில் நெருங்கி வாழ நேர்ந்தது போன்ற நிலைமைகள் எல்லாச் சுவாசத் தொற்றுக்கும் ஏற்ற களமாகும்.

இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிதல், சளியிற் குருதி என்பன இதன் அறிகுறிகள். சளிச் சோதனையால் நோய் தெளியப்படும். வழமையான காசநோய் ஆறு மாத மருந்தினால் முற்றிலும் மாறும். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே சோதனைக்கும் மருந்துக்கும் பணம் பெறப்படுவதில்லை. இரண்டாம் மாதத்திலேயே உடல் தேறிவிட்டதெனக் கருதி மருந்தை நிறுத்துவோரிடத்திற் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மகளின் திருமணம் தடைப்படும், அயலார் விலகுவர் என அஞ்சி இருமலை மறைப்போர் இன்றும் உளர். அம்மறைப்பினால் முதலிற் கேடுறுவோர் அதே கூரையின் கீழ் உறங்கும் குழந்தைகளே. கல்வி கற்றோர் இவ்வச்சத்தை நீக்குதல் மருத்துவர் தரும் மருந்துக்கு ஒப்பான தொண்டாகும்.

குழந்தையின் மூச்சை எண்ணுதல்

சளிக்காய்ச்சலுற்ற குழந்தைக்கு நியுமோனியா உண்டோ என ஐயுறுதற்குக் கருவி வேண்டியதில்லை. மணிக்கூடு ஒன்றே போதும். குழந்தை அழாது அமைதியாக இருக்கும்போது, அதன் வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60உம் அதற்கு மேலும், இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40உம் அதற்கு மேலும் எண்ணிக்கை வருமாயின் அது அபாய அறிகுறி. மூச்செடுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவதாயினும், குழந்தை பால் குடிக்க மறுப்பதாயினும் தாமதம் சிறிதும் ஆகாது. நகரை விட்டு நெடுந்தொலைவிலுள்ள குடியேற்றக் கிராமங்களில், இரவிலே வாகனம் தேட வேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா எனத் தாய் தடுமாறும் வேளையில் இவ்வெண்ணிக்கை அவளுக்கு விடை கூறும். உயர் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் இதனைக் கற்றுத் தம் வீட்டார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்பாராயின், கல்லூரியில் அவர் பயின்ற உயிரியற் பாடம் பரீட்சைத் தாளைக் கடந்து ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.