வாட்ஸ் மயக்கம்

வீட்டுக்குள் ஒரு தியேட்டர் வைக்க ஆசைப்படுபவர்கள் கடையில் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட எண்ணைத்தான். விழிஞ்ஞம் போன்ற கடற்கரை ஊரில் பார்க்க வேண்டியவை வேறு.

திருவனந்தபுரத்திலிருந்து விழிஞ்ஞம் போகிற வழியில், திருவல்லத்தில், கேரள அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டூடியோ இருக்கிறது. ஏராளமான மலையாளப் படங்களுக்கு அங்கே ஒலி சேர்த்திருக்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, மீன்பிடித் துறையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் அந்த ஒலி என்ன கதியாகிறது? சுவரில் மாட்டிய டிவியின் குட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பின்பக்கத்திலோ அடியிலோ இருக்கின்றன. வசனம் பார்ப்பவரை விட்டுவிட்டுச் சுவரோடு பேசுகிறது.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கன்டெய்னர் தாய்க்கப்பலான 'சான் ஃபெர்னாண்டோ' வந்தது 2024 ஜூலையில். வெளிநாட்டுச் சரக்கு அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையோர வீடுகளுக்கு வர ஆரம்பித்துவிட்டது, விமானத்தில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளில். வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் வரவேற்பறையில் ஒரு ஸ்டீரியோ செட் இல்லாவிட்டால் எப்படி? அந்த இடத்துக்குத்தான் இப்போது ஹோம் தியேட்டர் வந்திருக்கிறது. பணம் பல வருடச் சேமிப்பு. தவறாக வாங்கினால் திருப்பிக் கொடுக்கக் கடை பக்கத்தில் இல்லை. அங்கே கொடுத்த வாரண்டியும் இங்கே பெரும்பாலும் செல்லாது. சவூதியில் நெடுங்காலம் வீட்டு மின்சாரம் 127 வோல்ட், இங்கே 230. பழைய செட்டை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் ப்ளக்கைச் சொருகும் முன் பின்பக்கத்து எழுத்தைப் படிப்பது நல்லது.

இனி வாட்ஸ். தொண்ணூறுகளில் மேஜை மீது அடங்கும் டேப் ரிக்கார்டரில்கூட 'பிஎம்பிஓ' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்றைய ரிசீவர்கள் அந்த அளவுக்குப் புளுகுவதில்லை என்றாலும் கொஞ்சம் கண்கட்டு வித்தை மிச்சமிருக்கிறது. ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 6 ஓம்ஸில், 10 சதவீதச் சிதைவோடு அளந்த எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். 8 ஓம்ஸில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் ஓடும்போது எவ்வளவு என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

உண்மையில் எவ்வளவு தேவை? ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்குச் சுமார் 78 டெசிபல் தரும். சாதாரணப் பேச்சை விட அதுவே சத்தம் அதிகம். குண்டு வெடிக்கும் நொடிகளுக்குத்தான் மற்ற வாட்ஸ் எல்லாம். 3 டெசிபல் அதிகம் வேண்டுமானால் வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். எனவே 85 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், ரிசீவரின் சக்தி இரட்டித்த பலன் கிடைக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். பெரிய ரிசீவரில் அவருக்கு லாபம் அதிகம்.

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர்களுக்கே போகட்டும். ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ வகைகள் சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் பாடும். ரிசீவரில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: டிவியிலிருந்து ஒலியைத் திரும்ப வாங்கும் 'ஏஆர்சி' வசதி, மைக்கை வைத்து அறையைத் தானே அளந்து சரிசெய்யும் வசதி, பக்கத்து நகரத்தில் சர்வீஸ் சென்டர். அட்மாஸ் மோகம் முதல் செட்டுக்கு வேண்டாம். 2012-ல் 'சிவாஜி 3டி' அந்த முறையில் வந்தபோது தியேட்டர் கூரையிலும் ஸ்பீக்கர்கள் ஒலித்தன. பத்தடி உயரக் கான்கிரீட் கூரையைத் துளைக்கும் முன் கீழே இருக்கும் ஐந்தையும் ஒழுங்காக வைக்கலாம்.

அந்த ஐந்தில் நடு ஸ்பீக்கருக்கே மரியாதை அதிகம். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. முன்னால் இருக்கும் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருந்தால்தான் நாயகன் இடமிருந்து வலம் நடக்கும்போது குரல் மாறாது. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டையும் உட்காருபவரின் பக்கவாட்டில், காதுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். வயருக்கு ஆடம்பரம் தேவையில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல்லிழைச் செம்பு வயர் போதும்.

சப்வூஃபர் என்ன செய்கிறது என்று விழிஞ்ஞத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. 1991-ல் சென்னை ஐஐடி இங்கே 150 கிலோவாட் அலைமின் நிலையம் ஒன்றை அமைத்தது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும். உள்ளே அடைபட்ட காற்று மேலே விரைந்து டர்பைனைச் சுழற்றும். நிலையம் இப்போது ஓடவில்லை. துளையுள்ள சப்வூஃபர் பெட்டியில் அதே கதை தலைகீழாக நடக்கிறது: மின்சாரம் கூம்பை ஆட்ட, காற்று துளை வழியே போய் வருகிறது.

ஆனால் அறையும் ஒரு பெட்டிதான். 12 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி கூடுதலாக முழங்கும். சில இடங்களில் வயிறு அதிரும், நட்டநடுவில் ஒன்றுமே கேட்காது. இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் உண்டு. சப்வூஃபரைத் தற்காலிகமாக சோபா மீது வைத்து, தாழ்ந்த ஒலியுள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரம் தவழ்ந்து கேட்க வேண்டும். ஒலி சீராகக் கேட்கும் இடமே சப்வூஃபரின் இடம். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கொண்ட கான்கிரீட் வீட்டில் ஒரு தடித்த விரிப்பும் திரைச்சீலையும் செய்கிற நன்மையைப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் ரிசீவர் செய்யாது. தாழ்ந்த ஒலியை மட்டும் திரைச்சீலை தடுக்காது. அது சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்கும் போகும் என்பதை இரவு பத்து மணிக்கு மேல் நினைவில் கொள்ளலாம்.

அடுத்து உப்புக் காற்று. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் ஈரப்பத ஊர்களில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையம் தாக்குப்பிடிக்கும். செம்பு முனைகள் பச்சை பிடித்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்ட வேண்டும். ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் சூடு வெளியேறாது. ஜன்னலோரம் வைத்தால் கடற்காற்று உள்ளே புகும். உள்சுவர் ஓரமாக, மேலே அரையடி இடம் விட்டு வைப்பது உத்தமம்.

ரிசீவர்களுக்கு எமன் இடி. கேரளத்தில் ஏப்ரல்-மே மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் மாலை நேரத்து மின்னல் பிரசித்தம். ஸ்விட்சை அணைப்பது போதாது. ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். பலர் மறப்பது கேபிள் டிவி, இன்டர்நெட் கம்பிகளை. ரிசீவரின் மின்சாரத்தைத் துண்டித்திருந்தாலும், மின்னல் அந்தக் கம்பி வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குள் நுழைந்துவிடும். வானம் கறுக்கும்போது அவற்றையும் கழற்றிப்போட வேண்டும்.