சாது மீன் மிரண்டால்..!

ரூம்ல ஒரு மீன் தொட்டி வைக்கணும். பார்க்க கலர்ஃபுல்லா இருக்கணும். அதே சமயம் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறவும் கூடாது. இதுதானே உங்க ஆசை? அப்படின்னா தென் அமெரிக்க சிக்லிட் பக்கம் ஒரு லுக் விடுங்க.

'ஐயோ, சிக்லிட்டா? அது ரவுடியாச்சே!' என்று அலறுகிறவர்கள் ஆஸ்கரையோ ஃபிளவர்ஹார்னையோ பார்த்து பயந்தவர்களாக இருப்பார்கள். சிக்லிட் ரொம்பப் பெரிய குடும்பம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம்ம மார்க்கெட்டில் விற்கிற ஜிலேபி கெண்டைகூட இந்தக் குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளைதான். பெரிய குடும்பம்னா முரடனும் இருப்பான், சாதுவும் இருப்பான் இல்லையா? நமக்கு வேண்டியது சாதுக்கள்.

யார் அந்த சாதுக்கள்?

முதல் ஆள், ராம். வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுப் படுகைதான் சொந்த ஊர். வளர்ந்தால் 2 அங்குலம், கொஞ்சம் கூட. மஞ்சள் உடம்பு, நீலப் பொட்டுகள், கண்ணுக்கு மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. 1948-ல் அறிவியல் பெயர் வைத்தபோது, இதைச் சேகரித்த மனுவல் ராமிரெஸை நினைவுகூர்ந்தார்கள். அதன் சுருக்கம்தான் ராம். நம்ம ஊர் ராமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

இதன் சொந்தக்காரர் பொலிவியன் ராம். கலர் கொஞ்சம் கம்மி, தாக்குப்பிடிக்கும் சக்தி ஜாஸ்தி. முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு இவர்தான் பெஸ்ட்.

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த ஏஞ்சல். அமேசான்காரர். கடையில் ஒரு ரூபாய் காசு அளவில் இருக்கும். வளர்ந்ததும் துடுப்போடு சேர்த்து 8 அங்குல உயரம் வரும். அதனால் தொட்டி ஒன்றரை அடியாவது உயரமாக இருக்கணும். பெரிய ஏஞ்சலோடு குட்டி நியான் டெட்ராவை விட்டால் அது டிபன் ஆகிவிடும். டைகர் பார்பை விட்டாலோ, அது ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்தே நோகடிக்கும்.

அப்போ சண்டையே வராதா?

வரும் பாஸ். ஜோடி சேர்ந்து முட்டை போட்டதும் வரும்! சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது சிக்லிட்டுக்கும் பொருந்தும். இவை முட்டையைப் போட்டோமா, போனோமா என்கிற ரகம் இல்லை. ராம் தட்டைக் கல்லிலும், ஏஞ்சல் அகலமான இலையிலும் முட்டையிட்டு, அம்மா அப்பா ரெண்டு பேருமே காவல் காக்கும். டிஸ்கஸ் இன்னும் ஒரு படி மேலே. அதன் உடம்பில் சுரக்கும் வழவழப்புத்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு!

ஆக, சண்டையின் காரணம் கெட்ட குணம் இல்லை, இடப் பற்றாக்குறை. 2 அடி தொட்டிக்கு ஒரே ஒரு ஜோடி ராம் போதும். நாலு செடி, ரெண்டு கல், கவிழ்த்து வைத்த ஒரு கொட்டாங்கச்சி... ஒளிய இடம் இருந்தால் பாதிச் சண்டை காலி.

மீனுக்கு முன்னாடி தண்ணி

காலையில் தொட்டி, சாயங்காலம் மீன், அடுத்த வாரம் இறுதிச்சடங்கு. பல வீடுகளில் கதை இதுதான். காரணம் அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இந்த விஷத்தை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை செட்டாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ என்று டெஸ்ட் கிட் காட்டினால்தான் மீனுக்கு என்ட்ரி.

குழாய்த் தண்ணி என்றால் குளோரின் நீக்கி கட்டாயம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணியை மாற்றுங்கள். ராமுக்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் ஆட்கள் ஹீட்டர் இல்லாமல் ஆசைப்படாதீங்க. ரொம்ப உப்புக்கரிக்கும் போர் தண்ணியும் ராமுக்கு ஆகாது.

கோர்ஸ் முடிஞ்ச பிறகு?

ராமின் ஆயுள் சுமார் 3 வருஷம். கிட்டத்தட்ட உங்க டிகிரி அளவு. நல்லா கவனிச்சால் ஏஞ்சல் 10 வருஷம்கூட இருக்கும். நீங்க வேலை கிடைச்சு வேற ஊர் போயிட்டா யார் பார்ப்பாங்க? அம்மா தலையில கட்டுவீங்களா? தயவுசெய்து ஏரியில் மட்டும் விட்டுடாதீங்க. தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று வாங்கப்பட்ட தென் அமெரிக்க 'டேங்க் கிளீனர்' மீன், இப்படி வெளியே போய்த்தான் நம்ம நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியலைன்னா கடையிலோ இன்னொரு மீன் பிரியரிடமோ கொடுங்க.

சென்னைக்காரங்க கொளத்தூருக்குப் போங்க. மத்தவங்க பக்கத்து மீன் கடைக்குப் போங்க. ஆனா 'எவ்ளோண்ணே?' என்று விலை கேட்கும் முன்னாடி, 'இது எவ்ளோ பெருசாகும்ணே?' என்று கேளுங்க. பதில் உங்க தொட்டிக்குள்ள அடங்கினா மட்டும் பர்ஸை எடுங்க!