காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட்... மலை அடிவாரத்தில் 'டக் டக்'! டூரிங் பைக் அடம்பிடிப்பது ஏன்? கண்டுபிடிப்பது எப்படி?

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் பைக் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒன்று 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைக்கு. இன்னொன்று வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு. வீட்டு வாசலில் தொட்டதும் ஸ்டார்ட் ஆன பைக், வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்காது. அரை மணி நேரம் கழித்து அதுவே ஸ்டார்ட் ஆகும். மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டு போனால், 'நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்லிவிடுவார்.

எப்போதும் ஸ்டார்ட் ஆகாத பைக்கைச் சரிசெய்வது சுலபம். அவ்வப்போது மட்டும் அடம்பிடிக்கிற பைக்தான் பணத்தைக் கரைக்கும். பேட்டரி மாற்றி, பிளக் மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் மாற்றிய பிறகு, கடைசியில் குற்றவாளி ஒரு லூஸ் ஒயராக இருக்கும். இதைத் தவிர்ப்பது எப்படி? முழு விவரம் இதோ.

முதலில் சத்தத்தைக் கேளுங்க!

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதை வைத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

1. சத்தமே இல்லை: கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், பியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது: ரிலே வேலை செய்கிறது, ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் போகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் லூஸாக இருக்கலாம், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம்.

3. மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை: பெட்ரோல் அல்லது ஸ்பார்க் வரவில்லை. பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் பைக்குகளில் சாவியைப் போட்டதும் டேங்க் பக்கமிருந்து 2, 3 விநாடிகளுக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம். அது கேட்காத அன்றுதான் பைக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பம்ப், அதன் ரிலே, அதற்குப் போகும் ஒயர் ஆகியவற்றில் தேடலாம்.

சுற்றுலா பைக்குகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

காரணம் 1, கூடுதல் ஃபிட்டிங்ஸ்: ஃபாக் லைட், மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் எல்லாம் பெரும்பாலும் நேரடியாகப் பேட்டரியில் இணைக்கப்படுகின்றன. சாவியை எடுத்த பிறகும் ஒரு சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், 8 ஏ.எச் பேட்டரி 400 மணி நேரத்தில், அதாவது சுமார் 16 நாளில் காலி. வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இது பெரிய அடி. இவற்றை ரிலே வைத்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகும்படி மாற்றச் சொல்லுங்க.

காரணம் 2, ஹேண்டில்பார் ஒயர்கள்: கொண்டை ஊசி வளைவுகளிலும் பார்க்கிங்கிலும் ஹேண்டிலை முழுவதுமாக ஒடிக்கிறோம். கழுத்துப் பகுதியில் உள்ள ஒயர் கட்டு மடங்கி மடங்கி, வெளியே தெரியாமல் உள்ளே அறுந்துபோகும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடம், வலம் முழுசாகத் திருப்பிப் பாருங்க. இன்ஜின் தடுமாறினாலோ டேஷ்போர்டு மின்னினாலோ கோளாறு அங்கேதான்.

காரணம் 3, சூடு: ஓடும்போது இன்ஜினைக் காற்று குளிர்விக்கிறது. வண்டியை நிறுத்தியதும் அந்தச் சூடு அப்படியே சுற்றியுள்ள பாகங்களில் ஏறும். பலவீனமான பிக்கப் காயிலோ இக்னிஷன் காயிலோ இருந்தால் சூட்டில் ஸ்பார்க் தராது, ஆறியதும் தரும். சாப்பிட்டு வந்தபோது அடம்பிடித்த பைக், அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காரணம் 4, சேறும் தண்ணீரும்: சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் கீழே இருப்பதால் சேறு அப்பிக்கொள்ளும். ஸ்டாண்டை எடுத்த பிறகும் 'இன்னும் எடுக்கவில்லை' என்று பைக் நினைத்துக்கொள்ளும். வாட்டர் வாஷ் செய்த மறுநாளோ மழைக்குப் பிறகோ மட்டும் பிரச்சினை வந்தால் இதை முதலில் பாருங்க.

ஒரு மல்டிமீட்டர் போதும்

பேட்டரியில் வைத்துப் பாருங்க. முழு சார்ஜில், வண்டி ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சார்ஜிங்கில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஸ்பேனர் எடுத்து இறுக்கி, துருவைச் சுரண்டினால் செலவில்லாமலே முடியலாம்.

கம்பெனி கோளாறாகவும் இருக்கலாமா?

இருக்கலாம். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் கிளாசிக், புல்லட், மீட்டியோர் மாடல்களில் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரையிலான காலத்தில் தயாரிக்கப்பட்டு, இந்தியா உட்பட 7 நாடுகளில் விற்கப்பட்டவை அவை. இக்னிஷன் காயிலில் உள்ள குறையால் மிஸ்ஃபயரிங் ஆகலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று நிறுவனமே அறிவித்தது. 10 சதவீதத்துக்கும் குறைவான பைக்குகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் கூறியது. எந்த நிறுவன பைக்காக இருந்தாலும், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து 'என் வண்டிக்கு ரீகால் இருக்கா?' என்று ஷோரூமில் கேட்பது நல்லது.

'கோளாறே இல்லை' என்று சர்வீஸ் சென்டர் சொன்னால்?

ஆதாரம்தான் உங்க பலம். ஸ்டார்ட் ஆகாதபோது டேஷ்போர்டு, சத்தம் இரண்டும் பதிவாகும்படி மொபைலில் வீடியோ எடுங்க. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, சூடா, மழையா, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது என்று குறித்து வையுங்க. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் புகாரை எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்க. வாரன்டி காலத்தில் வாய்ச்சொல் நிற்காது, ஜாப் கார்டு நிற்கும்.

அப்படியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும்.

நடுவழியில் நின்றுவிட்டால்...

* செல்ஃபை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீங்க. இடைவெளி விட்டு முயற்சி செய்யுங்க.

* ஃபாக் லைட், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நியூட்ரலில் கிளட்ச் பிடித்துச் செல்ஃப் அடிங்க. சைடு ஸ்டாண்டை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்க.

* இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் இன்ஜெக்ஷன் பைக்கில் பம்ப் ஓடவும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் வேண்டும். டேஷ்போர்டே எரியாவிட்டால் தள்ளுவது வீண்.

* மலைச் சரிவில், வளைவில் நின்றுகொண்டு தள்ளாதீங்க. வண்டியை முதலில் ஓரத்துக்குக் கொண்டு வாங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைத்தால் உதவி கிடைக்கும்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம்: சாவி திரும்பவில்லை என்றால் யாரும் உடனே பூட்டை உடைப்பதில்லை. மெக்கானிக்கிடம் போகும்போது 'செல்ஃப் எடுக்கல'ன்னு மட்டும் சொல்லாமல், எப்போ, எங்கே, என்ன சத்தம்னு சேர்த்துச் சொல்லுங்க. பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும்.