சந்தையில் தேடியது, கிணற்றில் தேடாதது

1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவு நாடு முழுவதற்கும் முன்மாதிரி ஆயிற்று. அந்த ஏற்பாட்டின் அடிப்படை ஒன்றுதான். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல் உத்தியோகத்தர் படலையைத் திறந்து வீட்டுக்குள் போக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியைத் தேடிப் போகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் எட்டிப் பார்க்கிறார். வசதி குறைந்த இந்த நாடு தாய் சேய் மரணங்களைக் குறைத்ததில் பெரிய ஆஸ்பத்திரிகளைவிட இந்த நடைக்கே கூடுதல் பங்குண்டு என்பது என் எண்ணம். ஆனால், செலவைக் குறைக்க வேண்டிய காலம் வந்தால் முதலில் நிற்பதும் இந்த நடைதான். அதனால் நேரும் நட்டம் என்ன, அதைச் சுமப்பவர் யார் என்பதற்கு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மருதனார்மடம் என்ற ஒரு சிறிய சந்தியைச் சுற்றியே போதிய சான்று கிடைக்கிறது.

2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் எழுமாறாக எடுத்த பிசிஆர் மாதிரிகளில் ஒரு வியாபாரிக்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரிந்தது. தொடர்ந்து அவரோடு பழகியவர்களையும் சந்தைக்கு வந்துபோனவர்களையும் தேடியபோது பலருக்குத் தொற்று வெளிப்பட்டது. பத்திரிகைகள் அதை 'மருதனார்மடம் கொத்தணி' என்று எழுதின. இணுவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களின் கத்தரியும் வெங்காயமும் வாழைக்குலையும் கைமாறும் இடம் அது. விடியப்புறம் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு விலை பேசுபவர்கள், பத்து மணிக்குள் பத்து ஊருக்குப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் முன்பு பேலியகொடை மீன் சந்தையிலும் இதே நிலைமை; அங்கே தொற்றைக் கண்டுபிடித்த வேளை அது மீனோடு சேர்ந்து பல மாவட்டங்களுக்குப் போயிருந்தது. மருதனார்மடத்தில் தேடல் முந்திக்கொண்டது. மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலை இருக்கவில்லை என்பதும் முக்கியம்: யாழ். போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அந்த ஆண்டே ஆய்வுகூட வசதி வந்துவிட்டது.

இந்தத் தேடலுக்கு வலுவான மறுப்பு சந்தைக்குள்ளிருந்தே வந்தது. நோயென்று படுக்காதவனைப் பிடித்துப் பரிசோதித்து, சந்தையைப் பூட்டி, குடும்பத்தையே வீட்டுக்குள் அடைப்பது எந்த நியாயம்? பிடுங்கிய கத்தரிக்காய் இரண்டு வாரம் காத்திருக்குமா? இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுபவர்கள் சந்தை வியாபாரத்தை அறியாதவர்கள். அன்றாடம் கடனுக்கு வாங்கி விற்று மாலையில் அடைக்கும் ஒருவருக்குத் தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தால் பயன் ஊருக்கு, நட்டம் அவருக்கு. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 10,000 ரூபா பெறுமதியான உலருணவுப் பொதி கொடுத்தது. அது அடுப்பெரிய உதவியது. வியாபாரியின் முதலை மீட்கவில்லை. இந்த மறுப்பிலிருந்து வரவேண்டிய முடிவு, தேடுவதை நிறுத்து என்பதல்ல. கண்டுபிடிக்கப்பட்டவரின் வருமான இழப்பையும் தேடலின் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே. சேர்க்காவிட்டால் அடுத்த முறை அவர் மாதிரி கொடுக்க வரமாட்டார். ஆளைத் தடுப்பது நட்டம் மட்டுமல்ல, அச்சமும்தான். அதே காலத்தில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசு விதித்தது; புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மையித்தை எரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் முஸ்லிம் குடும்பத்திலிருந்து யார் தானாகப் பரிசோதனைக்கு வருவார்?

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது. 2022 நெருக்கடிக்குப் பின் மருந்துக்கே தட்டுப்பாடு, வைத்தியர்கள் கூட்டமாக வெளிநாடு போகிறார்கள். இந்த நிலையில் நோயில்லாத இடத்தில் நோயைத் தேடச் செலவழிப்பதா என்கிறார்கள். மலேரியாவின் கதை இதற்குப் பதில் சொல்லும். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாட்டில், 1963இல் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றாயிற்று என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969இல் நோயாளர் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. 17 பேருக்காக இத்தனை ஆட்களா என்று 1963இல் கேட்டவரின் கணக்கு அன்றைய தாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு போர் நடந்த மாவட்டங்களில்கூட நடமாடும் மலேரியா கிளினிக்குகள் காய்ச்சல்காரரைத் தேடிப் போயின. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேலாக உள்ளூரில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே ஆண்டு முடிவதற்குள், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ். நகரிலும். அது முட்டையிடும் இடங்களில் கிணறும் ஒன்று. வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாட்டில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கிணறு என்றதும் சுன்னாகத்தை விட்டுவிட முடியாது. மருதனார்மடத்துக்கு அடுத்த ஊர். அங்கே கிணற்று நீரில் கழிவு ஒயில் கலந்ததை முதலில் கண்டுபிடித்தது எந்த அலுவலகமுமல்ல, தண்ணீர் அள்ளிய சனங்களின் மூக்கு. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் ஒயில் இருப்பதாகச் சொல்ல, மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு மாதிரிச் சொன்னது. வீட்டுக்காரர் எதை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது? 2015இல் தாக்கலான அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மாசு நடந்தது உண்மை, சுன்னாகத்தில் மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி, பாதிக்கப்பட்டோரில் 500 பேருக்குக் குறையாமல், ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல், மொத்தம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும். கிணறுகளை ஒழுங்காகப் பரிசோதித்து முடிவை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்திருந்தால் இந்த வாதத்தில் பாதி எழுந்திராது. 'வெளியிட்டால் சனம் பதறும்' என்பார்கள். ஒயில் மணத்தோடு பல மாதம் பேசாமல் இருந்ததால் சனம் பதறாமலா இருந்தது? ஒயிலாவது மணக்கும். பசளையாலும் மலக்குழியாலும் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும் நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குக் கூடாது. தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்பவர்கள், குழாய் வந்த வீட்டிலும் கிணறு தூர்க்கப்படுவதில்லை என்பதை மறக்கிறார்கள்.

2024 நவம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பின் வடமராட்சியில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் அது 'இனந்தெரியாத காய்ச்சல்' என்றே பேசப்பட்டது. எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் வயல்காரருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. வெள்ளம் வடிந்த வயலில் எலிக்காய்ச்சல் வரும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. மாத்திரையும் விலை கூடியதல்ல. மரணங்கள் வந்து காட்டித்தர வேண்டிய நோயல்ல அது. சந்தையில் அறிகுறியே இல்லாதவரைத் தேடிப் பிடித்த அதே மாகாணம், நான்கு ஆண்டுகளுக்குள் சேற்றில் இறங்கும் கமக்காரரைத் தேடிப் போகப் பிந்திவிட்டது. 2020இல் தேடியது கொரோனாவுக்கென்று ஒதுக்கிய அவசரப் பணத்தில். அந்தப் பணம் நின்றதும் தேடலும் நின்றது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் வருடாந்த வரவுசெலவில் இந்தத் தேடலுக்கெனத் தனித் தொகை ஒதுக்குங்கள். கண்டுபிடிக்கப்படுபவரின் நாட்கூலியையும் அதில் சேருங்கள். மாகாண சுகாதார அமைச்சிடம் வாசகர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.