காலிக் கோட்டையின் வீதிப் பெயர்கள்

காலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை மதில்மேல் நடந்து, வெளிச்சவீட்டருகே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மதிலுக்குள்ளே இருப்பது ஓர் ஊர். தூண் வைத்த விறாந்தைகளும் ஓட்டுக் கூரைகளுமாக வரிசை வரிசையாய் வீடுகள். அவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

அங்கு 'லெயின் பான்' என்றொரு வீதி. ஒல்லாந்த மொழியில் அது கயிறு திரிக்கும் களம். கப்பல் கயிற்றை இழுத்துப் பிடித்தே முறுக்க வேண்டும் என்பதால் அதற்கு நீண்ட இடம் தேவைப்பட்டது. இன்னொன்று பெட்லர் வீதி, அதாவது சில்லறை வியாபாரி வீதி. ஒல்லாந்தர் காலத்தில் அதன் பெயர் 'சோனக வியாபாரிகள் வீதி'. ஆங்கிலப் பெயரில் வியாபாரி மிஞ்சினான், சோனகன் விடுபட்டான்!

ஆயினும் முஸ்லிம்கள் அங்கேயே இருந்தார்கள். வெளிச்சவீட்டுக்கு எதிரே 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலை, இரு கோபுர முகப்பைப் பார்த்துத் தேவாலயம் என்றே பலர் நினைப்பார்கள். பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் கோட்டைக்குள்தான்.

2004 சுனாமி காலி நகரைச் சூறையாடியபோது இவ்வீதிகளை மதில் காத்தது. நம் கல்முனைக் கரைக்கு அப்படியொரு மதில் இருக்கவில்லை.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. அதனால் வீட்டின் முகப்பை நினைத்தபடி மாற்ற முடியாது. வீட்டை விற்பதற்குத் தடையில்லை. விலை ஏற ஏற, பரம்பரை வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. விற்றவர்களுள் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு.